ஊரைக் கூட்டிய வெள்ளைக் கைத்தடி!

கண் பார்வை இல்லாதவர்கள் கையில் வெள்ளைத் தடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடிக்கு வெள்ளைச் சாயம் பூச என்ன செலவு ஆகிவிடும்? அற்பச் செலவுதான்!

ஆனால், பூசிவிட்டால் மட்டும் போதுமா? "வெள்ளைத் தடி வருகிறது, வண்டியை நிறுத்து" என்று கார் ஓட்டுகிறவருக்கும் தெரிய வேண்டுமே! தெரியாவிட்டால் அது வெறும் தடிதான்.

இந்தத் தடியின் கதையைக் கேளுங்கள்.

கண் இழந்த புகைப்படக்காரர்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று ஒரு நகரம். அங்கே ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் இருந்தார். ஒரு விபத்தில் அவருடைய பார்வை போய்விட்டது. தெருவில் மோட்டார் வண்டிகளின் ஓட்டம் அதிகம். வெளியே போகவே அவருக்குப் பயம். 1921-ம் ஆண்டு, தம் கைத்தடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டார்.

நல்ல யோசனை. ஆனாலும், அது நாடு முழுவதும் பரவப் பத்து ஆண்டுகள் ஆயின!

1930-ல் அமெரிக்காவில் பியோரியா நகரத்தில் இன்னொரு சம்பவம். பார்வையற்ற ஒருவர் கறுப்புத் தடியைத் தட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க முடியாமல் தவித்தார். கறுத்த ரோட்டில் கறுத்த தடி யார் கண்ணில் படும்? லயன்ஸ் சங்கத் தலைவர் ஜார்ஜ் போன்ஹாம் இதைப் பார்த்தார். தடிக்கு வெள்ளை பூசி, சிவப்புப் பட்டை போட ஏற்பாடு செய்தார்கள். அந்த டிசம்பரிலேயே நகரசபை சட்டம் போட்டது. வெள்ளைத் தடிக்காரருக்கு வண்டிகள் வழி விட வேண்டும்!

சீமாட்டியின் கடிதம்

அதே சமயம் பாரிஸ் நகரத்தில் கில்லி டெர்பமோன் என்ற சீமாட்டி ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். "பார்வையற்றவர்களுக்கு வெள்ளைத் தடி கொடுக்கலாமே" என்பது அவர் யோசனை. பத்திரிகை அதைக் கையில் எடுத்துக்கொண்டது. 1931 பிப்ரவரியில், அமைச்சர்கள் முன்னிலையில் முதல் தடிகளை அவர் வழங்கினார்.

இந்தச் செய்தி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வந்தது. அதைப் பார்த்து அங்குள்ள ரோட்டரி சங்கங்கள் இதே தொண்டில் இறங்கின. மே மாதம் பி.பி.சி. வானொலியும் வெள்ளைத் தடியைப் பற்றிப் பேசியது. கார் ஓட்டுகிறவர், போலீஸ்காரர், கடைக்காரர் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

பிரிஸ்டலில் ஒருவர் பூசியதும் அதே வெள்ளைதான்!

பாட்டிக்கு யார் சொல்வது?

நம் ஊருக்கு வருவோம். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் இலவச முகாம்களை லயன்ஸ், ரோட்டரி போன்ற சங்கங்கள் ஊர் ஊராக ஏற்று நடத்துகின்றன. மருத்துவம் டாக்டர்கள் பொறுப்பு. முகாம் நடப்பதை ஊருக்குச் சொல்வது சங்கத்தின் பொறுப்பு.

சில சங்கங்கள் பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பது எப்போது தெரியுமா? முகாம் முடிந்த பிறகு! ஒரு படம் வரும். அதில் தலைவர், செயலாளர், பொருளாளர், பொன்னாடை. இந்தப் படத்துக்கு நான் விரோதி அல்ல. உழைத்தவர் முகம் பத்திரிகையில் வந்தால் அவர் வீட்டுக்குச் சந்தோஷம். அடுத்த முகாமுக்கு நன்கொடையும் கிடைக்கும். ஆனால், கண்புரை விழுந்த பாட்டிக்கு அந்தப் படத்தால் என்ன லாபம்? முகாம்தான் முடிந்துவிட்டதே!

பாட்டியால் பத்திரிகை படிக்க முடியாது. பேத்திதான் படித்துச் சொல்ல வேண்டும். உடனே பாட்டி கேட்பாள்: "எந்தத் தேதி? எந்தப் பள்ளிக்கூடம்? காசு கேட்பார்களா? ஆபரேஷன் என்றால் எங்கே கூட்டிப் போவார்கள்? சோறு யார் போடுவார்கள்? என்றைக்குத் திரும்பலாம்?"

இத்தனைக்கும் பதில் எழுதப் பத்து வரி போதும். கூடவே ஒரு டெலிபோன் நம்பர். தலைவர் பெயர் கடைசி வரியில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முகாம் என்றால், செய்தி புதன்கிழமையே பத்திரிகை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பேத்தி படிப்பாள். பஸ்ஸுக்குச் சில்லறை சேர்க்கவும், துணைக்கு ஆள் பிடிக்கவும் பாட்டிக்கு ஒரு நாளாவது வேண்டாமா?