இரு ஆசான்களிடம் பயிலும் தொழில்

பால்மரம் வெட்டுவதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்துவிட முடியுமா? கத்தி ஆழமாகப் பட்டால் மரம் காயமுறும்; மேலோடு பட்டால் பால் குறையும். அந்த அளவைக் கை அறிய வேண்டுமாயின், அனுபவம் மிக்கவர் அருகில் நின்று காட்ட வேண்டும். ஆயினும், அதிகாலையில் பால் மிகுதியாக வடிவதன் காரணத்தை ஒருவர் விளக்கினால்தான் கைப்பழக்கம் அறிவாகும். இவ்வாறு ஒரு தொழிலுக்கு இரு ஆசான்கள் தேவைப்படுகின்றனர்.

இதனை அடிப்படையாகக் கொண்டதே ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறை. அங்கு இளைஞர்கள் தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிப் பயில்கின்றனர். அதனைப் பின்பற்றி, மலேசியா 2005ஆம் ஆண்டில் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மலாய் மொழியில் இதன் சுருக்கப் பெயர் எஸ்.எல்.டி.என். பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும், எஞ்சியது பயிற்சி நிலையத்திலும் நடைபெறும்.

நிறுவனங்கள் இதற்கு உடன்படுவது ஏன்? தொழிற்சாலை இயந்திரங்கள் விரைவில் மாறுகின்றன. கல்லூரிகளால் அவ்வப்போது புதியன வாங்க இயல்வதில்லை. தன் இயந்திரத்திலேயே பழகியவர் கிடைப்பது நிறுவனத்திற்கும் நன்மையே. பினாங்கில் 1989ஆம் ஆண்டிலேயே மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் கல்வித் துறையினரும் இணைந்து திறன் மேம்பாட்டு மையம் ஒன்றை நிறுவியதற்கும் திறமையான தொழிலாளரின் தேவையே காரணம்.

“பயிற்சி என்று சொல்லிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கிவிடுவார்களோ?” என்று பெற்றோர் ஐயுறலாம். அந்த ஐயம் நியாயமானதே. ஆகவே, பிள்ளையை அனுப்புமுன் மூன்றினைக் கேட்டறிதல் வேண்டும். முதலாவது, எழுத்து வடிவில் ஒப்பந்தம் உண்டா, அதில் உதவித்தொகையும் பயிற்சிக் காலமும் குறிக்கப்பட்டுள்ளனவா? இரண்டாவது, பயிற்சி நிலையத்திற்குச் செல்லும் நாட்கள் வரையறுக்கப்பட்டுள்ளனவா? மூன்றாவது, முடிவில் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்குமா? நிறுவனம் தரும் நற்சான்றுக் கடிதம் அதற்கு ஈடாகாது. அரசு வழங்கும் சான்றிதழை நாட்டின் எப்பகுதியிலும் காட்டி வேலை கேட்கலாம்.

எஸ்.பி.எம். தேர்வில் சிறப்புறவில்லை என்பதற்காக மகனையோ மகளையோ கடிந்து ஒதுக்க வேண்டாம். தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. தோட்டம் கைமாறியபோது வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். முறையாகக் கற்ற தொழிலோ, கற்றவர் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லும்.