யார் இந்த எஸ்தர்?
அமெரிக்காவில் எதிர்ப்பைக் கிளப்பிய திகில் படம்

2009-ம் ஆண்டு. "ஆர்பன்" என்ற திகில் படம் அமெரிக்காவில் திரைக்கு வர இருந்தது. "ஆர்பன்" என்றால் அனாதை என்று பொருள்.

படத்துக்கு முன்னால் அதன் முன்னோட்டம் வந்தது. சில நிமிடங்களே ஓடும் துண்டுப் படம். அதில் ஒரு சிறுமி பேசுகிறாள். பெற்ற பிள்ளையிடம் வைக்கும் அன்பைத் தத்து எடுத்த பிள்ளையிடம் வைப்பது கஷ்டமாகத்தான் இருக்கும் என்கிறாள்.

இந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது! தத்து எடுத்த பெற்றோர்கள் கொதித்தார்கள். அனாதைக் குழந்தைகளுக்காகப் பாடுபடும் சங்கங்கள் கண்டனம் தெரிவித்தன. "எங்கள் வீட்டுக் குழந்தை இதைக் கேட்டால் என்ன நினைக்கும்?" என்பதுதான் அவர்களுடைய கவலை.

கவலை நியாயமானதுதான். படத்தை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் கம்பெனி முன்னோட்டத்தில் இருந்து அந்தப் பேச்சை எடுத்துவிட்டது. படம் பிறகு டி.வி.டி. தட்டாக வந்தபோது, தத்து எடுப்பதை ஆதரித்து ஒரு செய்தியும் அதில் சேர்க்கப்பட்டது.

அப்படி என்னதான் கதை?

வெள்ளை ரோஜா

கேட் என்ற பெண்ணும் அவள் கணவன் ஜானும் வசதியாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவன் டேனியல். இளையவள் மேக்ஸ். மேக்ஸ் சிறு பெண். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. கையால் சாடை காட்டித்தான் பேசுவாள்.

மூன்றாவதாக உண்டான குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் அஸ்தியை இட்ட மண்ணில் கேட் வெள்ளை ரோஜாச் செடி வளர்க்கிறாள்.

இறந்த குழந்தைக்கு வைத்திருந்த அன்பை வேறு ஒரு குழந்தைக்குக் கொடுக்கலாமே என்று கணவனும் மனைவியும் நினைக்கிறார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்தும் அனாதை விடுதிக்குப் போகிறார்கள். மற்ற குழந்தைகள் எல்லாம் கீழே விளையாடுகிறார்கள். மாடியில் ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்து, பாடிக்கொண்டே படம் வரைகிறாள். அவள்தான் எஸ்தர். வயது 9 என்கிறார்கள். ரஷ்யாவில் பிறந்தவளாம். பணிவு, படிப்பு, கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருக்கிறது. பார்த்ததும் பிடித்துப்போகிறது. வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள்.

வந்த பிறகுதான் வம்பு. கழுத்திலும் கையிலும் கட்டிய ரிப்பனை எஸ்தர் கழற்றுவதே இல்லை. குளிக்கும்போது கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறாள். கேலி செய்த பள்ளித் தோழி சறுக்கு மரத்தில் இருந்து விழுந்து அடிபடுகிறாள். "நான் ஒன்றும் செய்யவில்லையே!" என்று எஸ்தர் கண்ணை அகல விரிக்கிறாள். விசாரிக்க வந்த கன்னியாஸ்திரீ சுத்தியலால் அடித்துக் கொல்லப்படுகிறார். அதைக் கண்ணால் பார்த்த மேக்சை எஸ்தர் மிரட்டி வாயை அடைக்கிறாள்.

ஒரு நாள் எஸ்தர் பூங்கொத்தோடு வந்து கேட்டிடம் நீட்டுகிறாள். அந்த வெள்ளை ரோஜாக்களேதான்! வேரோடு ஒட்ட வெட்டியிருக்கிறாள். தாய் துடித்துப்போய் அவள் கையைப் பற்றி இழுக்கிறாள். அவ்வளவுதான். அன்று இரவு எஸ்தர் இரும்பை இறுக்கும் வைசில் தன் கையைக் கொடுத்துத் தானே எலும்பை முறித்துக்கொள்கிறாள். "அம்மா முறித்துவிட்டாள்" என்று பழி வருகிறது. கேட் முன்பு குடிப்பழக்கத்துக்கு ஆளாகி மீண்டவள். ஆகவே கணவனே அவளை நம்பவில்லை.

இந்தப் படத்தில் ரத்தம் சிந்தும் காட்சிகளைவிட அதிகமாகப் பயமுறுத்துவது இதுதான். உண்மை தெரிந்த ஒருத்தியின் பேச்சை வீட்டில் யாரும் கேட்கவில்லை!

வெளிநாட்டில் இருந்து டெலிபோன்

படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். இனி மர்மம் உடைகிறது.

எஸ்தரின் பைபிளில் இருந்த முத்திரையை வைத்து கேட் துப்புத் துலக்குகிறாள். அது எஸ்தோனியா நாட்டில் உள்ள ஒரு இடத்தின் பெயர். அனாதை விடுதி என்று நினைத்து விசாரித்தால், அது மனநோய் ஆஸ்பத்திரி! அங்குள்ள டாக்டர் பதறிப்போய் டெலிபோன் செய்கிறார்.

எஸ்தர் குழந்தையே அல்ல. அவளுடைய உண்மைப் பெயர் லீனா. வயது 33! சுரப்பிக் கோளாறால் உடல் வளராமல் நின்றுவிட்டது. பல கொலைகள் செய்தவள். ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டி வைத்திருந்த தழும்புகளை மறைக்கத்தான் ரிப்பன். பெரிய பற்களை மறைக்கப் பொய்ப் பல். அவள் ஜானிடம் வைத்த ஆசையும் மகளின் ஆசை அல்ல. அவன் விலக்கியதும் அவனைக் குத்திக் கொல்கிறாள். கடைசியில், உறைந்து கிடக்கும் குளத்தில் கேட்டும் அவளும் போராடுகிறார்கள். "அம்மா" என்று கெஞ்சுகிறாள் லீனா. முதுகுக்குப் பின்னால் கையில் கத்தி! "நான் உன் அம்மா இல்லை" என்று கேட் காலால் உதைத்துத் தள்ளுகிறாள்.

யார் மேல் பழி?

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையில் கெட்டது செய்தது தத்துக் குழந்தையா? இல்லை. குழந்தை வேஷம் போட்ட பெண். ஆனால் இது கடைசிக் கால் மணி நேரத்தில்தான் தெரிகிறது. அதுவரை சுவரொட்டியும் முன்னோட்டமும் சொன்னது, "வெளியில் இருந்து வந்த பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது" என்றுதான். மர்மத்தைக் காப்பாற்ற வேண்டும், ஆகவே வேறு வழியில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்லலாம். டிக்கெட் வாங்காமல் தெருவில் சுவரொட்டியை மட்டும் பார்த்தவனுக்கு அந்த மர்மம் கடைசிவரை உடையாதே!

பழியைச் சுமப்பது யார்? விடுதிகளில் காத்திருக்கும் பெரிய குழந்தைகள். கைக்குழந்தை கேட்டு வருவோர் ஏராளம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்டு வருவோர் குறைவு. எஸ்தருக்குச் சொன்ன வயதும் அதுதான்.

சுரப்பிக் கோளாறு விஷயமும் அப்படியே. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அது சரியாக வேலை செய்யாவிட்டால் குழந்தை வளராது. உரிய வயதில் கண்டுபிடித்தால் ஊசி மருந்து உண்டு. அந்த நோய் யாரையும் கொலைகாரர் ஆக்காது.

இதற்கு முன்னும் இப்படிப் படங்கள் வந்தன. 1956-ல் வந்த "தி பேட் சீட்" (கெட்ட விதை) புகழ் பெற்றது. மெர்வின் லெராய் டைரக்ட் செய்தார். ரோடா என்ற எட்டு வயதுச் சிறுமி கொலைக்கு அஞ்சாதவள். பிறகு தெரிகிறது, அவளுடைய தாய் ஒரு கொலைகாரிக்குப் பிறந்து, தத்துக் கொடுக்கப்பட்டவள் என்று. வேடிக்கை பாருங்கள்! அந்தக் கதையில் தத்துப் பிள்ளையாக வளர்ந்த தாய் தங்கமானவள். பெற்ற மகள்தான் பேய்.

12 வயதும் 23 வயதும்

"ஆர்பன்" படத்தை ஜாமே காலெட்-செரா டைரக்ட் செய்தார். கேட்டாக வெரா பார்மிகா நடித்தார். செலவு சுமார் 2 கோடி டாலர். வசூல் 7 கோடி டாலரைத் தாண்டியது.

அதற்கு முக்கிய காரணம், எஸ்தராக நடித்த இசபெல் பர்மன். படம் வந்தபோது அவருக்கு 12 வயது. குழந்தை வேஷம் போடும் பெண்ணாக ஒரு குழந்தை நடிக்க வேண்டும்! ஒப்பனை கலையும் காட்சியில் அந்தப் பிஞ்சு முகம் முதிர்ந்து தெரிவதைப் பார்த்தால் பகீர் என்கிறது.

2022-ல் "ஆர்பன்: பர்ஸ்ட் கில்" வந்தது. லீனா ஆஸ்பத்திரியில் இருந்து தப்பி முதல்முதலாக அமெரிக்கா வந்த கதை. மறுபடியும் இசபெல்தான். ஆனால் படம் பிடித்தபோது அவருக்கு வயது 23! கூட நடித்தவர்கள் உயரமான செருப்புப் போட்டுக்கொண்டார்கள். முதுகு தெரியும் காட்சிகளில் சிறுமிகள் நடித்தார்கள்.

அந்தக் கதையில் லீனா தத்துப் பிள்ளையாக வரவில்லை. பணக்கார வீட்டில் காணாமல் போன மகள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு நுழைகிறாள். தாய் கட்டித் தழுவி வரவேற்கிறாள். ஆனால் அந்தத் தாய்க்குத் தெரியும், இவள் தன் மகள் அல்ல என்று. ஏன் என்றால் மகள் காணாமல் போகவில்லை. அவளைக் கொன்றது கூடப்பிறந்த அண்ணன். அதை மூடி மறைத்தவள் பெற்ற தாய்!