கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம்: மலைக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு சட்டம்

கல்யாணத்துக்கு முன்பே சொத்துக் கணக்கு பேசிக்கொள்வது பெருநகரத்துப் பணக்காரர்களின் வழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொல்லிமலையில் அந்தப் பேச்சு வெகு பழையது. மலையாளிப் பழங்குடியினரிடையே மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பதும், அதைப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிப்பதும் மரபு. ஒத்துவராமல் பிரிந்தால் யாருக்கு என்ன சேரும் என்பதையும் ஊர்ப் பெரியவர்களே கூடித் தீர்த்தார்கள். எல்லாம் வாய்ச்சொல்தான். காகிதத்தில் எதுவும் ஏறுவதில்லை.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம், பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. தமிழ்நாட்டில் இதுவும் ஏற்காடும் மட்டுமே அப்படிப்பட்டவை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியே அறிவிக்காதவரை பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆகவே மலைக் குடும்பத்தின் கல்யாணத்துக்கு வழக்காறே சட்டம். ஆனால் நீதிமன்றப் படியேறினால் அந்த வழக்காற்றை நிரூபித்தாக வேண்டும். கணவர் இரண்டாம் திருமணம் செய்ததாகப் பழங்குடிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கு 2001இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இருதார மணத்தைத் தடுக்கும் வழக்காறு தங்கள் சமூகத்தில் உண்டு என்று அவரால் நிலைநாட்ட முடியவில்லை, தோற்றுப்போனார். வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்கும் மலைப் பெண்களுக்கும் நாளை இதே கதி நேரலாம்.

மலையடிவாரத்து இந்துக் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறு. திருமண முன் ஒப்பந்தத்துக்கு நேரடித் தடை இல்லை. ஆனாலும் பொதுநலக் கொள்கைக்கு முரணான உடன்படிக்கை செல்லாது என்கிற 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. காலமெல்லாம் மாமியார் வீட்டிலேயே இருப்பேன் என்று கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் ஒன்று செல்லாது என 1901இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று இன்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினாலும் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்படும் என்று நம்புவதற்கில்லை. கோவாவில் கதை வேறு. 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் வழியில், சொத்தைப் பொதுவில் வைப்பதா, தனித்தனியே வைப்பதா என்று மணமக்கள் முன்கூட்டியே பத்திரம் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதாவிட்டால் பொதுச்சொத்து என்பதே விதி.

நம் ஊரில் என்னதான் செய்வது? சட்டமே கேட்கும் ஒரு காகிதம் இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலான வீடுகள் கண்டுகொள்வதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, கல்யாணத்தில் வந்த சீர், நகை, பரிசுப் பொருள்களைப் பட்டியலிட வேண்டும். பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவுமுறை எல்லாம் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டில் காட்டும் அக்கறையில் பாதி போதும், இது முடிந்துவிடும். பிரியும் நாளில் அறுபது பவுன் போட்டோம், நாற்பதுதான் போட்டீர்கள் என்று இழுபறி வராது. இருவர் பணத்தில் மனை வாங்கினால் கிரயப் பத்திரத்திலேயே அவரவர் பங்கைக் குறித்துவிடலாம். 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் கணவர் எடுக்கும் ஆயுள் காப்பீட்டில் கடன்காரர்கள் சாதாரணமாகக் கைவைக்க முடியாது.

மலைக் குடும்பங்கள் பேசிய பரியத்தையும் பிரிவுக்கான நிபந்தனைகளையும் எழுதி, இரு வீட்டுப் பெரியவர்களிடமும் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. அது தன்னளவில் சட்டமாகிவிடாது. வழக்காற்றுக்குச் சாட்சியாக நிற்கும். கூடவே கல்யாணத்தைப் பதிவு செய்வது முக்கியம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009, சாதி மத வேறுபாடின்றி எல்லோருக்கும் பொருந்தும். 90 நாள்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு.