கூலமும் கலிங்கும்

நெல், கம்பு, கேழ்வரகு, வரகு, சாமை, வாற்கோதுமை முதலாகப் புல்லினப் பயிர்கள் தரும் மணிகள் கூலம் எனப்படும். குருதியை வடித்து, வேண்டியதை மீட்டு, வேண்டாததைக் கழிக்கும் உறுப்பு சிறுநீரகம் எனப்படும். இவ்விரண்டின் தொடர்பை ஓர் ஏரி விளக்கும். நந்தன் கால்வாய் கொணரும் நீரைப் பனமலை ஏரி தேக்குகிறது. மதகு வயலுக்கு அளந்து விடுகிறது. மிகுந்ததைக் கலிங்கு வெளியேற்றிக் கரையைக் காக்கிறது. உடலின் கலிங்கு சிறுநீரகமே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 நூறாயிரம் நுண்வடிப்பிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர்மம் வடித்து, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக விடுகின்றன.

நிமையத்துக்கு வடியும் அளவைக் கொண்டு சிறுநீரக நோயை ஐந்து நிலைகளாகப் பகுப்பர். சிதைவின் அறிகுறி இருந்தும் 90 மில்லிலிட்டரும் அதற்கு மேலும் வடிவது முதல்நிலை. அதனின் குறைந்து 60 வரை இரண்டாம் நிலை. 30 வரை மூன்றாம் நிலை. 15 வரை நான்காம் நிலை. அதனினும் குறைந்தது ஐந்தாம் நிலை. கலிங்கு தூர்ந்தால் வரத்தை அளப்பதுபோல், சிறுநீரகம் தளர்ந்தால் உண்பதையும் அளந்தே ஆகவேண்டும்.

அளக்க வேண்டியவற்றை நம் உழவர் முன்பே அறிவர். உரமிடுகையில் அவர்கள் சொல்லும் மணிச்சத்தும் சாம்பல்சத்துமே மருத்துவர் சொல்லும் பாசுபரசும் பொட்டாசியமும் ஆகும். அவற்றை மணியூட்டம், சாம்பலூட்டம் எனத் தூய தமிழில் வழங்கலாம். மணி பிடிக்க உதவுவது மணியின் தவிட்டிலும் முளையிலும் மிகுந்து தங்குகிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் மணியூட்டமும், தீட்டாத அரிசியில் 270 மில்லிகிராமும் உள்ளன. சாம்பலூட்டமோ தீட்டிய அரிசியில் 110, வாற்கோதுமையில் 270, கேழ்வரகில் 440 மில்லிகிராம் என ஏறிச் செல்கிறது.

எனினும், உண்டதெல்லாம் குருதியில் சேர்வதில்லை. கூலத்தின் மணியூட்டத்தில் பெரும்பகுதி பைட்டிக் காடியில் பிணைந்திருக்கிறது. அப்பிணைப்பை அவிழ்க்கும் நொதி நம் குடலில் மிகக் குறைவாதலின், ஒரு பங்கே உட்செல்கிறது. பொதியுணவுகளில் கலக்கும் பாசுபேட்டு உப்போ பெரும்பாலும் முழுதாகச் சேர்கிறது. ஆகவே, தவிட்டுக்கு அஞ்சுவோர் பொதியுணவுக்கே முதலில் அஞ்சுதல் வேண்டும்.

சாம்பலூட்டம் நீரில் கரைவது. நிறைந்த நீரில் அரிசியைக் கொதிக்கவிட்டுப் பானையைச் சாய்த்தால், மூடியிடுக்கில் வெண்கஞ்சி வடியப் பருக்கை உள்ளே தங்குகிறது. கஞ்சியோடு சாம்பலூட்டத்தின் ஒரு பகுதியும் நீங்குகிறது. கூழில் வடிப்பதற்கு இடமில்லை. மாவு முழுதும் வயிற்றுக்குள் செல்கிறது. எனினும், ஆடியில் வார்க்கும் கேழ்வரகுக் கூழ் நோயின் தொடக்கநிலையினர்க்கு விலக்கன்று. குருதியில் சாம்பலூட்டம் மிகுந்தோர்க்கோ அது மருத்துவர் வரையறுக்கும் அளவுக்குரியது. வாற்கோதுமைக் கஞ்சி சிறுநீரகத்தைக் கழுவும் என்று பலர் நம்புகின்றனர். அதன் நார்ப்பொருள் நல்லதே; ஆயினும் சிறுநீர் குறைந்து கால் வீங்கியவர்க்கு அக்குவளைக் கஞ்சியும் ஏரிக்கு வந்த நீரே.

ஏரியின் மட்டம் நோக்கி மதகு திறப்பதுபோல், குருதியின் மட்டம் நோக்கிக் கூலம் அளத்தல் வேண்டும். ஆய்வுத்தாளில் மணியூட்டம், சாம்பலூட்டம் எனத் தமிழில் எழுதிக் கொடுத்தால், வயலில் உரம் அளந்த கை, தன் தட்டில் சோறும் அளந்துகொள்ளும்.