முன்பணம் கடன்தான், விலங்கு அன்று

மானாவாரி வேளாண்மையைப் பெரிதும் நம்பியிருக்கும் தருமபுரி மாவட்டத்து ஊர்களில், நிலமற்ற குடும்பங்கள் பல ஆண்டின் பெரும்பகுதியை வெளியூர்களிலேயே கழிக்கின்றன. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கல் குவாரி, கட்டுமானம் என எந்த வேலைக்குப் புறப்பட்டாலும், பல நேரங்களில் முதலில் கைக்கு வருவது மேஸ்திரி கொடுக்கும் முன்பணம்தான். மொரப்பூரில் இரயில் ஏறும் குடும்பத்துக்குப் பயணச்சீட்டு கிடைப்பதற்கு முன்பே அந்தப் பணம் மருத்துவத்துக்கோ மகளின் சடங்குக்கோ பழைய கடனுக்கோ செலவாகிவிடுகிறது. அதன்பின், "பணம் வாங்கினாய் அல்லவா, தீரும்வரை போகக் கூடாது" என்னும் ஒற்றை வாக்கியம் அக்குடும்பத்தின் உழைப்பையும் நடமாட்டத்தையும் ஆளத் தொடங்குகிறது.

அந்த வாக்கியத்துக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. கொத்தடிமை முறையை 1975 அக்டோபர் 25 முதல் ஒழித்ததாக அறிவிக்கும் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976 அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 29 தொழிலாளர் சட்டங்களுக்கு மாற்றாக நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோதும் இச்சட்டம் தொடப்படவில்லை, தனித்து நிற்கிறது. ஆயினும், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு விலகுவதைத் திருட்டுக்கு நிகரான குற்றமாகக் கருதும் மனநிலை முதலாளிகளிடம் மட்டுமன்றி, காவல் நிலையங்களிலும் தொழிலாளர்களிடமும்கூட நிலவுகிறது. இந்தத் தவறான நம்பிக்கையை உடைப்பதே களத்தில் இருப்போரின் முதல் வேலை.

கடன் எப்போது விலங்காகிறது?

முன்பணம் கொடுப்பதையே சட்டம் குற்றமாக்கவில்லை. முறையான கூலி கொடுத்து, விரும்பும்போது விலகும் உரிமையை மதித்து, சட்ட வரம்புக்குள் பிடித்தம் செய்யும் முதலாளி கொடுத்த பணம் வெறும் கடன். அதே பணத்தைக் காட்டித் தொழிலாளியின் சுதந்திரத்தில் கைவைக்கும்போது அது கொத்தடிமைக் கடனாகிறது.

சட்டத்தின் 2ஆம் பிரிவு நான்கு அடையாளங்களைத் தருகிறது. கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க நேர்வது. வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை இழப்பது. நாட்டில் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையை இழப்பது. தன் உழைப்பின் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பது. நான்கும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தரப்படுவது பெயரளவுக் கூலியே. சங்கிலியும் பூட்டிய கதவும் இருந்தால்தான் கொத்தடிமை என்று கருதும் அதிகாரிகளுக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேறு மாநிலங்களுக்குப் புலம்பெயர்ந்து உழைப்போரும் இந்த வரையறைக்குள் அடங்குவர் என்பதை 1985ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

கொத்தடிமைக் கடன் என்று ஆனபின் நிகழ்வது என்ன? அதைத் திருப்பிச் செலுத்தும் கடமை முற்றிலும் அழிந்துவிடுகிறது. வெற்றுத்தாளில் வாங்கிய கைரேகையும் பிணைமுறியும் செல்லாதவை. ஈடாகப் பறித்த சொத்தைத் திருப்பித் தர வேண்டும். விடுவிக்கப்பட்டவரை அவர் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றக் கூடாது. அழிந்த கடனுக்காகப் பணம் பெறுவதே மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, "மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு அழைத்துச் செல்லுங்கள்" என்று காவல் நிலையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ பேசி முடிக்கப்படும் சமரசம், ஒரு குற்றத்தை அரசு அலுவலகத்தில் வைத்து நிறைவேற்றுவதாகும். உறவினர்கள் நல்லெண்ணத்தோடு பணம் திரட்டிக் கட்டும் முன்பு ஆர்வலர்கள் இதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

மெய்ப்பிக்கும் கடமை யாருக்கு?

"முன்பணம் கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே?" என்பது விசாரணையில் தொழிலாளியை நோக்கி எழுப்பப்படும் வழக்கமான கேள்வி. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் எதுவும் அவர் கையில் இருக்காது. இருந்தாலும் அது முதலாளியின் பெட்டியில் இருக்கும். சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அது அவ்வாறு அன்று என மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவரைச் சாரும் என்கிறது 15ஆம் பிரிவு.

அரியானா மாநிலம் பரீதாபாத்துக் கல் குவாரித் தொழிலாளர்களுக்காகத் தொடுக்கப்பட்ட பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், முன்பணம் பெற்றது மெய்ப்பிக்கப்பட்டால்தான் இச்சட்டம் பொருந்தும் என்று அம்மாநில அரசு வாதிட்டது. 1983 டிசம்பர் 16 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டாய உழைப்பு இருப்பது தெரியவந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே ஊகிக்க வேண்டும், அந்த ஊகத்தை மறுக்கும் பொறுப்பு முதலாளிக்கும் அரசுக்கும் உரியது என்று அது கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு, தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணியாளர்கள் தொடர்பான வழக்கில் நீதிபதி பி. என். பகவதி எழுதிய தீர்ப்பு இன்னும் அடிப்படையானது. வறுமை ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்கச் செய்யுமானால், அதுவும் அரசமைப்பின் 23ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்பது அதன் சாரம். "அவராகத்தானே வந்தார்" என்னும் வாதம் அன்றே தோற்றுவிட்டது.

கணக்கு நோட்டில் மறையும் கூலி

விலங்கு பூட்டப்படும் இடம் பெரும்பாலும் முதலாளியின் கணக்கு நோட்டு. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசி, வாரந்தோறும் உணவுச் செலவுக்குச் சிறு தொகை கொடுத்து, பருவம் முடியும்போது மொத்தக் கணக்குப் பார்ப்பது வழக்கம். கணவன் பெயர் மட்டுமே நோட்டில் இருக்கும். மண் குழைத்து, கல் அறுத்து, அடுக்கிய மனைவியின் பெயர் எங்கும் இராது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. கணவனும் மனைவியும் 60,000 ரூபாய் முன்பணம் பெற்று, மாதம் 26 நாள் வீதம் ஆறு மாதம் உழைக்கின்றனர் எனக் கொள்வோம். வார உணவுச் செலவுக்கு 1,500 ரூபாய் வீதம் 26 வாரங்களில் அவர்கள் பெறுவது 39,000 ரூபாய். கணக்கின் எளிமைக்காக நாள் கூலியை 500 ரூபாய் என வைத்துக்கொண்டால், இருவருக்கும் சேர வேண்டிய கூலி 1,56,000 ரூபாய். (அந்த வேலைக்கு அரசு அறிவித்துள்ள கூலியை வாசகர்கள் இவ்விடத்தில் இட்டுப் பார்க்கலாம்.) முன்பணத்தையும் உணவுச் செலவையும் முழுவதுமாகக் கழித்தாலும் முதலாளி இவர்களுக்கு 57,000 ரூபாய் தர வேண்டும். ஆனால் ஒருவர் பெயரில் மட்டும் எழுதிய நோட்டு, தொழிலாளியே இன்னும் கடன்பட்டிருப்பதாகக் காட்டும். மனைவியின் ஆறு மாத உழைப்பு அழிக்கப்பட்ட இடத்தில்தான் அடுத்த பருவத்துக்கான விலங்கு உருவாகிறது.

இத்தகைய கணக்கு முறையே சட்டத்துக்குப் புறம்பானது. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019இன்படி ஊதியக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. பருவ இறுதிக் கணக்குக்கு அங்கே இடமில்லை. மாத ஊதியத்தை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. வேலை தொடங்கும் முன் பயணச் செலவுக்கெனக் கொடுத்த முன்பணத்தைப் பிடித்தம் செய்யவே கூடாது. வேலையை விட்டு விலகியவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கூலி பாக்கி என்று வழக்கு வந்தால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் சுமை இங்கும் முதலாளிக்கே. கோரிக்கையை எழுப்ப மூன்றாண்டு அவகாசம் உண்டு.

இரு தரப்பின் கடமைகள்

சட்டம் முதலாளிக்குப் பகையானது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒழுங்காகத் தொழில் நடத்துபவருக்கு அது காட்டும் வழி நேரானது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும், பெண்கள் உட்பட, தனித்தனியே பதிவு செய்தல். ஊதியச் சீட்டு வழங்குதல். முன்பணத்தையும் பிடித்தத்தையும் எழுத்தில் வைத்தல். ஆதார், குடும்ப அட்டை போன்ற ஆவணங்களைக் கையகப்படுத்தாதிருத்தல். ஒப்பந்தக்காரர் கூலி தராமல் ஓடிவிட்டார் என்று நிறுவன உரிமையாளர் கைவிரிக்க முடியாது. அவர் தராத ஊதியத்தைத் தரும் பொறுப்பு இவரைச் சேரும். முறையான கடன் பெற்ற ஒருவர் திருப்பித் தராமல் சென்றுவிட்டால், முதலாளிக்குரிய வழி உரிமையியல் நீதிமன்றம். அவரைத் தேடிப் பிடித்து இழுத்து வருவதும், அவருக்குப் பதிலாக மனைவி மக்களை நிறுத்திக்கொள்வதும் குற்றங்கள்.

தொழிலாளிக்கும் கடமைகள் உண்டு. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தல், கருவிகளையும் பொருள்களையும் பேணுதல், சட்டப்படியான கடனைச் சட்டப்படியான பிடித்தத்தின் மூலம் அடைத்தல் ஆகியவை அவை. ஆனால் கடமை தவறியவரையும் அடைத்துவைக்கவோ அடிக்கவோ எவருக்கும் உரிமையில்லை.

பிறப்பின் பெயரால்

கொத்தடிமையின் வரையறையில் பலர் கவனியாத ஒரு தொடர் உண்டு. முன்பணத்தால் மட்டுமன்று, வழக்காற்றுக் கடமையாலும், முன்னோரிடமிருந்து வந்த கடப்பாட்டாலும், குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தாலும் ஒருவர் உழைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டால் அதுவும் கொத்தடிமை முறையே என்கிறது சட்டம். பண்ணையாள், படியாள் என்ற சொற்களை அறிந்த தமிழ்ச் சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரம்பரை ஊழியமாக மகர் சமூகத்தின் மீது சுமத்தப்பட்டிருந்த வத்தன் முறையை மாற்ற, 1928இலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் அண்ணல் அம்பேத்கர். கூலிப் பிரச்சினையும் சாதிப் பிரச்சினையும் ஒரே முடிச்சின் இரு நுனிகள் என்பதை அவர் அன்றே கண்டிருந்தார்.

நடைமுறையில் இது முக்கியமானது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழான குற்றங்கள் பிணையில் விடத்தக்கவை. உயர்ந்த தண்டனை மூன்றாண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, குற்றம் இழைத்தவர் அப்பிரிவினர் அல்லாதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவையும் சேர்க்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு, முன்பிணை கிடையாது, துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும், நிவாரணமும் உண்டு. இப்பிரிவு விடுபட்டால் வழக்கு தொடக்கத்திலேயே பாதி வலுவை இழக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெற்றவுடன் முதலில் தேட வேண்டியது இதையே.

அரூரில் கேட்க வேண்டிய கேள்வி

உச்ச நீதிமன்றத்தில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் நியமிக்கப்பட்ட ஆணையர்கள், தமிழ்நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக 1995இல் அறிக்கை அளித்தனர். அரசு அடையாளம் கண்டதோ அதில் மிகச் சிறு பகுதி. தேடுவதற்கான அமைப்பு உயிர்ப்போடு இல்லாதபோது எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும்.

அந்த அமைப்புக்குக் கண்காணிப்புக் குழு என்று பெயர். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலும், கோட்ட அளவில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலும் அது இயங்க வேண்டும். மொரப்பூருக்கு உரிய கோட்டம் அரூர். ஒவ்வொரு குழுவிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவரும் சமூகப் பணியாளர் இருவரும் இடம்பெற வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. விடுவிக்கப்பட்டவர் மீது கடனைக் காட்டி வழக்குத் தொடுக்கப்பட்டால் அவர் சார்பில் வாதாடுவதும் இக்குழுவின் பணி. அரூர் கோட்டக் குழுவில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை விடுதலைச் சான்றுகள் வழங்கப்பட்டன? ஒரு கல்லூரி மாணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவில் இம்மூன்றையும் கேட்கலாம்.

விடுதலைச் சான்று வெறும் காகிதம் அன்று. கடன் அழிந்ததற்கு அதுவே அத்தாட்சி; மறுவாழ்வுக்கான நுழைவாயிலும் அதுவே. மைய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெறலாம். முழு உதவி ஆண்களுக்கு ஒரு இலட்சம், பெண்களுக்கும் சிறார்க்கும் இரண்டு இலட்சம், ஆட்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானோர்க்கு மூன்று இலட்சம். சான்று இல்லாமல் மீட்டு, பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவைக்கப்பட்ட குடும்பம், அடுத்த பருவத்தில் மீண்டும் ஒரு மேஸ்திரியிடம்தான் கைநீட்டும்.

வேலையிடம் கர்நாடகத்திலோ கேரளத்திலோ இருந்தாலும் மொரப்பூர்க் காவல் நிலையத்திலேயே புகார் அளிக்கலாம். எல்லையைக் காரணம் காட்டிப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்பதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. விடுவிக்கும் அதிகாரம் தொழிலாளி இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்கு உரியது என்பதால், அவருக்கும் அதே நாளில் மனு செல்ல வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், கட்டாய உழைப்புக்கு ஆளானோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

புறப்படும் முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. மேஸ்திரியின் பெயர், கைபேசி எண், வேலையிடத்தின் முகவரி, பெற்ற முன்பணம் ஆகியவற்றை எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லலாம். கணவனும் மனைவியும் தத்தம் வேலை நாட்களை ஒரு சிறு நோட்டில் தனித்தனியே குறித்துவரலாம். மொரப்பூர், அரூர்ப் பகுதிகளில் இயங்கும் மாணவர் வாசிப்பு வட்டங்கள் இந்த நோட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தால், அடுத்த பருவத்தில் முதலாளியின் நோட்டுக்கு எதிரே வைக்க ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஒரு நோட்டு இருக்கும்.