ட்ரவுட் இறங்காத பவானி

மேல் பவானி அணையில் நிற்கும் தண்ணீர் காரமடைப் பக்கம் வந்து சேர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஆறு தானாகப் போட்டுக்கொண்ட வழி. நீலகிரியின் தென்மேற்கு விளிம்பிலிருந்து சரிந்து கேரளத்துக்குள் போகும். அட்டப்பாடியில் முக்காலி அருகே கிழக்கே திரும்பும். சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வரும். இன்னொன்று, மின்வாரியம் போட்டுக்கொடுத்த வழி. சுரங்கத்திலும் ராட்சதக் குழாய்களிலும் புகுந்து அவலாஞ்சி, எமரால்டு, குந்தா, கெத்தை, பரளி என்று வழிநெடுக மின்நிலையங்களில் சக்கரம் சுற்றிவிட்டுக் கீழே இறங்கும். இரண்டும் பில்லூர் அணையில் கலக்கின்றன. மேலே சுமார் 2,270 மீட்டர் உயரம், கீழே 400 மீட்டர் சொச்சம். தண்ணீர் எப்படியோ வந்துவிடுகிறது. மேலே அதே தண்ணீரில் நீந்தும் ட்ரவுட் மீன் மட்டும் வருவதில்லை.

இதை யோசிக்க வைத்தவர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நண்பர். வான்கூவர் பக்கம் வேலை. அங்கே வார இறுதியானால் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ட்ரவுட் பிடிக்கப் போய்விடுவாராம். காரமடைத் தேர்முட்டிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "நம்மூர்ல எங்காச்சும் ட்ரவுட் கிடைக்குங்களா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கறிவேப்பிலைக்கும் ரங்கநாதர் தேருக்கும் பேர்போன ஊரில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேள்வி அத்தனை அபத்தமில்லை. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை, மஞ்சூர் என்று மலையேறினால், அரை நாளுக்குள் ட்ரவுட் வாழும் ஓடைகளின் பக்கத்துக்கே போய்விடலாம்.

அந்த மீன் அங்கே தானாக வந்து சேரவில்லை. வடஅமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும் ரஷ்யாவின் கம்சாட்காவும்தான் ரெயின்போ ட்ரவுட்டின் பூர்வீகம். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும், உடம்பெல்லாம் கருப்புப் புள்ளி. நண்பர் வசிக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு அது சொந்தக்கார மீன், நமக்கு வந்தேறி.

ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குக் குளிர் கிடைத்தது, ரோஜாத் தோட்டம் கிடைத்தது, நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்திக் குதிரை வேட்டையும் நடத்திக்கொண்டார்கள். ஓடைகளைப் பார்த்தால் ஸ்காட்லாந்து போலவே இருந்தன. ஆனால் தூண்டில் போட்டால் விரல் நீள மீனைத் தவிர ஒன்றும் சிக்கவில்லை. கீழே பவானியிலும் மாயாற்றிலும் இருக்கிற பெரிய மீன்கள் அருவிகளைத் தாண்டி மேலே ஏற முடியாதே! சும்மா இருந்திருக்கலாம். அவர்களால் முடியவில்லை.

இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவரான சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, 1863-இல் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார். நடக்கவில்லை. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதே 1869-இல்தான். அதற்கு முன் குளிர்நீர் மீனை உயிரோடு இங்கே கொண்டுசேர்ப்பது என்றால் எத்தனை பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் 1860களின் நடுவில் பல சீமை மீன்களைக் கொண்டுவந்து விட்டார். டென்ச்சும் ஒருவகைக் கெண்டையும் ஊட்டி ஏரியில் பிழைத்துக்கொண்டன. ட்ரவுட் பிழைக்கவில்லை. இதற்கிடையே இலங்கையின் நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் வேர்விட்டது. காஷ்மீருக்கு 1899-இல் வந்த முதல் தவணை முட்டைகள் வழியிலேயே அழிந்தன. மறு ஆண்டு வந்தவை பொரித்தன.

நீலகிரியில் கதை மாறியது எச்.சி.வில்சன் வந்த பிறகு. சென்னை அரசு மீன்வளர்ப்பு நிபுணராக நியமித்த அவர், 1907 வாக்கில் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகத்தை நிறுவினார். ஐரோப்பிய பிரவுன் ட்ரவுட்டுடன் மல்லுக்கட்டாமல் ரெயின்போவைத் தேர்ந்தெடுத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். சினை பிடித்த பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தினால் முட்டைகள் தட்டில் உதிரும். ஆண் மீனின் விந்தை அதோடு கலந்து, குளிர்ந்த ஓடைநீர் ஓயாமல் ஓடும் தட்டுகளில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைப்பார்கள். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஓடைகளிலும் ஏரிகளிலும் விடுவார்கள். பின்னாளில் மேல் பவானி, முக்கூர்த்தி ஓடைகளில் அது தானாகவே இனம் பெருக்கிக்கொண்டது.

பிடிப்பதற்கும் சட்டம் இருந்தது. 1877-இல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கமும், 1879-இல் வந்த நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டமும் யார், எப்போது, எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்தன. காடும் ஓடையும் காலம்காலமாகத் தங்களுடையவை என்றிருந்தவர்களுக்கு உரிமச் சீட்டு கேட்கிற நிலை. கப்பலில் வந்த மீனுக்கோ அரசுக் காவல். இந்த முரண் எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

நண்பருக்கு இன்னொன்றும் சொன்னேன். பவானித் தண்ணீரைக் குழாயில் இறக்குகிற குந்தா மின்திட்டமே கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா கொடுத்த உதவியில் 1950களில் தொடங்கியது. "அப்போ மீனும் எங்கூரு, கரண்டும் எங்கூருங்களா?" என்றார். சும்மா விடுவாரா!

சரி, ஏன் அந்த மீன் கீழே வருவதில்லை? குழாய் வழியாக வந்தால் டர்பைன் காத்திருக்கிறது என்பது ஒருபுறம். ஆற்று வழியில் அப்படி ஒன்றும் இல்லையே? அங்கே தடுப்பது சூடு. ட்ரவுட்டுக்கு 10 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20-ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் சூடேற ஏறக் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும், மீனின் தேவையோ கூடும். பரந்து ஓடுகிற கொங்குநாட்டு ஆறு சித்திரை வெயிலில் எப்படிக் காயும் என்பது அதில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். மலைச்சரிவில் எங்கோ ஓர் இடத்தில், யாரும் போடாத எல்லைக்கோடு ஒன்று தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கோட்டுக்குக் கீழே வேறு ராஜா இருந்தார். மஹ்சீர். பெரிய செதில், தடித்த உதடு, வேகமான நீரோட்டத்தில் எதிர்நீச்சல் போடுகிற கெண்டை இனம். சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்று தூண்டில் நூலொன்றை வெளியிட்டார். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களை மஹ்சீரின் பக்கம் திருப்பிய புத்தகம் அது. காவிரிப் படுகையில் கபினி ஆற்றில் 1946-இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு. ஏறக்குறைய 54 கிலோ. மேலே இருக்கிற ட்ரவுட் இரண்டு மூன்று கிலோ வந்தாலே போட்டோ எடுத்து மாட்டுகிற மீன். பக்கத்தில் வைத்தால் தெரியும் சங்கதி.

காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர், 2018-இல் மிக அருகிவிட்ட இனங்களின் உலகப் பட்டியலில் ஏறியது. காரணங்களைத் தேடி அலைய வேண்டாம். முட்டையிட மேலே ஏறுகிற மீனை அணை மறிக்கிறது. வெடி வைத்துப் பிடிப்பது குஞ்சு குளுவான்களோடு மடுவையே காலி செய்கிறது. மணல் போனால் ஆற்றின் அடிமடியே போகிறது. பவானிக்கு இதற்குமேல் ஆலைக் கழிவும் சேர்ந்தது. மூடப்படும்வரை சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு எதிராக நடந்த போராட்டங்களைக் கரையோரத்துக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சீமை மீனுக்கு நூறாண்டுக்கு முன்பே பொரிப்பகம் கட்டியாகிவிட்டது. ஆற்றின் சொந்த மீன்மீது பார்வை திரும்பியது மிகச் சமீபத்தில்தான். ட்ரவுட்மீது எனக்குக் கோபம் இல்லை, அது என்ன செய்யும்? ஆனால் இனி ஒரு ரூபாய் செலவழிக்க இருந்தால் அதைக் கீழ்ப் பவானிக் கெண்டைகளுக்குச் செலவழியுங்கள் என்பேன்.

மேலே ட்ரவுட் பிடிக்கப் போவதும் இன்று நினைத்த மாத்திரத்தில் நடக்காது. மேல் பவானிச் சுற்றுவட்டாரம் காப்புக்காடு. ஒட்டினாற்போல் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் மூட்டையோடு நுழைந்தால் திரும்பி வரும்போது வழக்கோடுதான் வரவேண்டும். ஆகவே நாங்கள் மலையேறவில்லை. இரண்டு வழித் தண்ணீரும் கலக்கிற இடத்துக்கே போனோம், தூண்டில் இல்லாமல். பரளிக்காடு.

காரமடை வனச்சரகத்தில் இருக்கிறது பரளிக்காடு. பில்லூர் அணையின் பின்பக்க நீர்ப்பரப்பில், பழங்குடி மக்களைக் கொண்டு வனத்துறை நடத்தும் பரிசல் பயணம் கோவைக்காரர்களுக்குப் பழகிய விஷயம்தான். வெள்ளியங்காடுவரை பாக்குத் தோப்பும் வாழையும் கூடவே வரும். அதன் பிறகு காடு. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பை, பாட்டில் எல்லாம் பார்ப்பார்கள். போய் இறங்கியதும் சுக்குக் காபி. அந்தக் காபியிலேயே பாதி அலுப்பு போய்விடும்.

பரிசலில் முதல்முறை ஏறுகிறவர்களுக்கு ஒரு திகைப்பு உண்டு. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. தெரியாது என்ன, கிடையாது! சாதாரணப் படகுக்கு அடியில் முதுகெலும்பு மாதிரி ஒரு கட்டை ஓடும். அதுதான் நேராகப் போகவைக்கும். வட்டமான பரிசலுக்கு அது இல்லை. பக்கவாட்டில் துடுப்பு போட்டால் இருந்த இடத்திலேயே சுற்றும். அதனால் பரிசல்காரர் எந்தத் திசையில் போகவேண்டுமோ அந்தப் பக்கம் உட்கார்ந்து, தண்ணீரைத் தன்னை நோக்கி வளைத்து வளைத்து இழுக்கிறார். மூங்கில் பின்னலில் மாட்டுத்தோல் போர்த்திய காலம் போய், தார் பூசிய சாக்கும் போய், ஃபைபர் பரிசல்கள் வந்துவிட்டன. உத்தி மட்டும் மாறவில்லை. அடி தட்டையாகப் படர்ந்திருப்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகும். வான்கூவர் நண்பருடைய மோட்டார் படகு அங்கே ஒரு நிமிஷம் தாங்காது.

பாரத்தைச் சமமாக உட்காரவைப்பது பரிசல்காரரின் முதல் வேலை. எங்களில் கனத்த ஆள் ஒருவரை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க நடுவாலப் போங்க சாமி" என்றார். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டோம். சுற்றிலும் மலை, எதிர்க்கரைச் சரிவில் யானைத்தடம், காய்ந்த மரத்தில் இறக்கையை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்கள்.

கனடாக்காரருக்குக் கை அரித்தது. "அண்ணா, இங்க தூண்டி போட்டா என்ன மீனுங்க கிடைக்கும்?"

"தூண்டி போடப்படாதுங்க. கேஸு போட்டுருவாங்க."

"இல்லீங்க, சும்மா கேக்கறேன்."

"ஜிலேபிதானுங்க சாஸ்தி. கெண்டை, கெளுத்தி இருக்குதுங்க."

ஜிலேபி என்றால் திலாப்பியா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மேலே அமெரிக்க மீன், கீழே ஆப்பிரிக்க மீன். பவானியில் உள்ளூர்க்காரன்தான் சிறுபான்மை.

தூண்டில் இல்லாமல் ஆற்றில் என்ன செய்வது என்று நினைப்பவர்களுக்கு: பேசலாம். மீன்பிடிக்கும்போது பேசினால் திட்டுவார்கள். பரிசலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. செல்போன் சிக்னலும் ஒழுங்காகக் கிடையாது. பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரில் தொடங்கி, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார் என்பதுவரை அத்தனையும் ஓடியது. பரிசல் மெல்லச் சுழன்றுகொண்டே போவதால், ஒவ்வொருவர் முகத்துக்குப் பின்னாலும் மலை மாறிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைத்தது. ராகிக்களி உருண்டையை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டார்கள். சப்பாத்தியை யாரும் சீந்தவில்லை.

சாயங்காலம் அத்திக்கடவில் ஆற்றுக் குளியல். குளிக்கிற இடத்தை வனத்துறைப் பணியாளர்கள் காட்டுகிறார்கள். அதோடு நின்றுகொள்வது நல்லது. இன்னும் கீழே, நெல்லித்துறை, மேட்டுப்பாளையம் பக்கம் வந்தால் விஷயமே வேறு. பில்லூரில் மின்சாரம் எடுக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டால், மழையே இல்லாத நாளிலும் கணுக்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிடும். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தவர்கள் மாட்டிக்கொண்ட செய்தி வருஷா வருஷம் வருகிறது. எல்லாச் செய்தியும் மீட்டார்கள் என்று முடிவதில்லை. ஆறு பார்க்கச் சாதுவாக இருக்கிறது என்பது பவானியில் ஓர் ஆதாரமே அல்ல.

போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்துவிட்டே போகவேண்டும். பொதுமக்களுக்குப் பெரும்பாலும் வார இறுதியில்தான் பரிசல். தென்மேற்குப் பருவமழையில் அணையின் நீர்மட்டம் 100 அடியை நெருங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆற்று மீனைத் தின்றே தீரவேண்டும் என்கிற கட்சிக்காரர்கள் மறுநாள் சிறுமுகை வழியாகப் பவானிசாகர் போகலாம். அணைக்குப் பக்கத்தில் வரிசையாக மீன் வறுவல் கடைகள். நாங்களும் போனோம். வான்கூவர்க்காரர் தனியாக மூன்று தட்டு சாப்பிட்டார், என்ன மீன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.