'திரு' சேர்த்துச் சொன்ன குரல்



உங்கள் பெயருக்கு முன்னால் 'திரு' என்றோ 'திருமதி' என்றோ சேர்த்து முதன்முதலில் உரக்கச் சொன்னவர் யார்? சற்று நினைத்துப் பாருங்கள். என் தந்தைக்கு அந்த மரியாதையை முதலில் கொடுத்தது ஒரு வானொலிப் பெட்டி!

அது 1988ஆம் ஆண்டு. எனக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் அம்பாங் பெச்சாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். 'அம்பாங்' என்றால் அணை, 'பெச்சா' என்றால் உடைந்தது. 1883இல் இங்கே அணை உடைந்து, வெள்ளம் பழைய கோலகுபு பட்டணத்துக்குள் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது. அந்த ஊர்ப் பெயரின் கதை இதுதான்.

அப்பா பால்மரம் வெட்டுகிறவர். விடியற்காலைப் பெரட்டில் அவருடைய பெயரில் பாதிதான் கூப்பிடப்படும். மீதிப் பாதியைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வானொலிக்குப் பாட்டுக் கேட்டு அனுப்பும் அஞ்சலட்டைகளை நான்தான் எழுதிக் கொடுப்பேன். எத்தனை அட்டை போட்டோம் என்று கணக்கில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பாவின் முழுப்பெயர், 'திரு' என்ற சொல்லோடு, தோட்டத்தின் பெயரோடு பெட்டியிலிருந்து வந்தது. அடுத்து என்ன பாட்டு ஒலித்தது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. பாட்டை யார் கேட்டார்கள்? அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். அது மட்டும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஒலிபரப்பாளர் என்பவர் பாட்டுப் போடுகிறவர் மட்டும்தானா? இல்லை என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் பலர் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்தான் பி. எச். அப்துல் ஹமீத்.

தெமட்டகொடைச் சிறுவன்

கொழும்பு மாநகரில் தெமட்டகொடை என்றொரு பகுதி. உழைத்துப் பிழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் இடம். அங்கே எளிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அப்துல் ஹமீத். சிறுவர் நிகழ்ச்சியில் பங்கெடுக்கத்தான் அவர் முதலில் வானொலி நிலையத்தின் படி ஏறினார். அறுபதுகளின் பிற்பகுதியில், மீசை அரும்பிய வயதிலேயே, அறிவிப்பாளராக ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் சாதாரண இடமன்று. கொழும்பில் 1925ஆம் ஆண்டிலேயே வானொலி ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. லண்டனில் பி.பி.சி. தொடங்கி மூன்றே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன! இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் சக்தி வாய்ந்த சிற்றலை நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்து படையினர் போனார்கள். நிலையம் இலங்கைக்குக் கிடைத்தது. 1950இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

இரண்டு ஆண்டுகளில் அதற்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அந்தப் பாடல்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின. மக்கள் விடுவார்களா? பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். தமிழ்நாட்டின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இலங்கை வானொலி முழங்கிற்று. எஸ். பி. மயில்வாகனன் என்ற அறிவிப்பாளரின் பெயர் திரைப்பட நடிகர்களின் பெயருக்கு இணையாகப் பேசப்பட்டது. 1957இல் இந்திய அரசே 'விவித பாரதி' என்று தனிச் சேவை தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

மயில்வாகனன் போன்ற பெரியவர்கள் போட்ட பாதையில் நடந்து வந்தவர்தான் அப்துல் ஹமீத். கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய புகழ்பெற்ற குரல்களும் அந்த நிலையத்தில் ஒலித்தன.

அவர் கொடுத்தது என்ன?

பாட்டை எழுதியவர் ஒருவர், இசையமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர். அறிவிப்பாளர் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மூன்று கொடைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தமிழ். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அவர் வாயில் மூன்றாகவே வரும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. பாடலைச் சொல்லும்போது பாடியவரோடு எழுதியவரையும் இசையமைத்தவரையும் மறவாமல் சொல்லுவார். பின்னணியில் உழைத்தவனுக்கும் பெயர் உண்டு என்பது எவ்வளவு பெரிய பாடம்! மரத்தில் உளி போட்டவரின் பெயர் எந்த டயரிலும் எழுதப்படுவதில்லை. நமக்குத் தெரியாதா அந்த அருமை?

இரண்டாவது, ஒற்றுமை. எழுபதுகளில் இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவை நாடகம் மிகவும் பிரபலம். அதில் ராம்தாஸ் மரிக்கார் என்ற முஸ்லிமாக வருவார். அப்துல் ஹமீதோ ஐயராக வருவார்! சிங்களவர் கலந்து பேசும் தமிழைப் பேசி 'உபாலி'யாக வந்தவர் செல்வசேகரன். அது 1976இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் திரைப்படமாகவும் வெளிவந்தது. ஒருவர் பேச்சை மற்றவர் பேசிச் சிரிக்க வைத்தார்கள். கேட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிற்காலத்தில் இனக் கலவரத்திலும் போரிலும் அந்த நாடு பட்ட பாட்டை நினைக்கும்போது, அந்தச் சிரிப்பின் விலை நமக்குப் புரிகிறது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அவர் ஒலிவாங்கியை மக்கள் கையில் கொடுத்தார். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். வானொலியிலும் மேடையிலும் வளர்ந்து, பிறகு சன் தொலைக்காட்சி வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கே வந்த நிகழ்ச்சி அது. விதி எளிமையானது. ஓர் எழுத்து கொடுக்கப்படும். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். 'ம' என்றால் 'ம'தான்; 'மா' என்று ஆரம்பித்தால் செல்லாது. இலக்கணப் புத்தகத்தில் குறில் நெடில் படிக்கத் தூங்கி வழிகிற பிள்ளை, இங்கே கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கும். பாட வந்தவர்கள் பயிற்சி பெற்ற பாடகர்கள் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர்கள். தோற்றுப் போனவரையும் அவர் மரியாதையோடுதான் அனுப்பி வைப்பார்.

அந்த நீண்ட பயணத்தை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்ற நூலாகவும் எழுதியிருக்கிறார். தலைப்பைப் பாருங்கள். இவ்வளவு புகழுக்குப் பிறகும் தம்மை வழிப்போக்கன் என்கிறார்!

ஒரு தாயும் மகனும்

அதே கொழும்பு நிலையத்தின் அலைகளில் புகழ் பெற்ற இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் பம்பாய்க்காரர், பெயர் அமீன் சயானி. 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியை நடத்தியவர். பம்பாயில் குரலைப் பதிவு செய்து, ஒலிநாடாவைக் கொழும்புக்கு அனுப்பி வைப்பார்கள். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தனவாம்! 2024 பிப்ரவரியில், 91ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆசிரியையான என்னைக் கவர்ந்தது அந்தக் கடிதங்களின் எண்ணிக்கையன்று. அவருடைய தாயார் குல்சும் சயானி, அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகிய முதியவர்களுக்காக 'ரஹ்பர்' என்ற சிறு பத்திரிகையை நடத்தினார். காந்தியடிகளின் ஊக்கம் அதற்கு உண்டு. ஒரே எளிய மொழியை மூன்று எழுத்துகளில் அச்சிட்டார்கள்: தேவநாகரி, உருது, குஜராத்தி. மகன் இளவயதிலேயே அந்த வேலையில் தாய்க்கு உதவினார். படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி பேசும் கலை அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் வாய்த்தது. பிறருக்குக் கற்றுக்கொடுக்கப் போனவர் தாமே கற்றுக்கொண்டு திரும்பினார்!

நம் நாட்டில்

நம் நாட்டு வானொலியும் சளைத்ததன்று. 1946 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிய ரேடியோ மலாயாவின் வழிவந்த தமிழ்ச் சேவை, பல பெயர்கள் மாறி, 2005 முதல் 'மின்னல் எஃப்.எம்.' என்று ஒலிக்கிறது. ஒலிபரப்பாளராக இருந்துகொண்டே பாடகராகவும் இசையமைப்பாளராகவும் பெயர் பெற்ற ரெ. சண்முகம் போன்றவர்கள் அங்கே உழைத்தார்கள். ரப்பர் காட்டுக்குள் பிறந்த குரலும் காற்றில் ஏறலாம் என்ற நம்பிக்கையை நமக்குத் தந்தது அந்தச் சேவைதான்.

ஆனால் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டை எப்படிக் கேட்கிறார்கள்? ஆளுக்கொரு கைத்தொலைபேசி, காதில் ஒரு செருகி. அக்காள் கேட்பது தம்பிக்குத் தெரியாது. பாட்டிக்கு எதுவுமே தெரியாது. காது நிறைகிறது, வாய் மட்டும் திறப்பதில்லை.

என் வகுப்பறையில்

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டின் நடுவில் ஒரு சிறுமி என் நான்காம் ஆண்டு வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். அவர்கள் இருந்த தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களை உடைத்துவிட்டார்கள். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை. பிள்ளை பாட்டியிடம் வளர்ந்தாள். வாசிக்கச் சொன்னேன். 'மழை' என்பதை 'மலை' என்று வாசித்தாள். நான் எல்லார் முன்னாலும் திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். தவறு பிள்ளையுடையதன்று, என்னுடையது. ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பொறுமையைக் கொடுக்க அவர்களால் முடியுமா?

இரண்டு மாதம் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அப்போதுதான் அப்துல் ஹமீதின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்துப் பாட்டுக்குப் பாட்டு வைத்தேன். ஒரு மரக் கரண்டிதான் ஒலிவாங்கி. மூன்றாவது வாரம் 'ம' வந்தது. ஒருவருக்கும் பாட்டு வரவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் கிளம்பியது. அவள்தான்! பாட்டி பாடும் பழைய பாட்டொன்றை முதலடியிலிருந்து கடைசியடி வரை தப்பில்லாமல் பாடினாள். ழகரம் வரும் இடத்தில் தயங்கி நின்று, நாக்கை மடித்து, சரியாகச் சொன்னாள்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் மீண்டும் மௌனம்தான். ஆனால் அதற்கடுத்த வாரம் என் மேசைக்கு வந்து, "டீச்சர், நான் அறிவிப்பாளரா இருக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்த ஆண்டு இறுதியில் காலைக் கூட்டத்தில் அறிவிப்பு வாசித்தவள் அவள். பள்ளித் தோட்டக்காரருக்கு நன்றி சொல்லும் இடம் வந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அவள் தானாகவே 'திரு' சேர்த்து வாசித்தாள். வேலி ஓரமாக நின்ற அந்தப் பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

பெற்றோர்களே!

பிறருக்குத் திருப்பிக் கொடுக்கப் பணம்தான் வேண்டும் என்று எண்ணி நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். அப்துல் ஹமீதிடம் இருந்த முதல் அவருடைய குரல். அந்த முதல் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.

வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம் போதும். கைத்தொலைபேசிகளை ஓரமாக வையுங்கள். பாட்டியை நடுவில் உட்கார வைத்துப் பாட்டுக்குப் பாட்டு விளையாடுங்கள். பாடுகிறவர் பெயரைப் பிள்ளைகள் 'திரு', 'திருமதி' சேர்த்து அறிவிக்கட்டும். எழுத்துப் பிசகினால் சிரிக்காமல், நீங்கள் ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். கோவில் திருவிழாவிலும் பள்ளி விழாவிலும் ஒலிவாங்கியைப் பெரியவர்களே பிடித்துக்கொண்டிராமல், கூச்சப்படுகிற பிள்ளையிடம் இரண்டு நிமிடம் கொடுங்கள்.

அப்பா இப்போது இல்லை. அவருக்காக நான் எழுதிய அட்டை ஒன்று, அஞ்சலில் சேராமல் தங்கிப்போனது, இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் பிள்ளைக் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: "எங்கள் பெயரையும் சொல்லுங்கள்." நம் பிள்ளைகள் எல்லாருமே வாய் திறவாமல் அதைத்தான் கேட்கிறார்கள். சொல்லுவோமா?